அக்காவின் மூக்கும் மாமாவின் கடப்பாரையும்

அக்கா வீட்டுக்காரர் இப்போதும் வேலைக்குப் போகிறார். அடைப்பு என்று கூப்பிட்டால் ஸ்பிரிங் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்ணீர் தேங்குகிறது என்றால் போவார், குழாய் உடைந்துவிட்டது என்றால் போவார். வீட்டில் நாற்றம் வருகிறது என்று கூப்பிட்டால் மட்டும் போவதில்லை. "அதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. அதனால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் அதே தெருவில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். வாய் சும்மா இருக்காதவள் என்று பேர் வாங்கியவள். ஆனாலும் அக்கா இறந்து இத்தனை நாள் கழித்துத்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்கிறது.

அவரை மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு அடைப்புக்காரர் என்று பேர். மாமாவை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு பக்கம் பார்த்தால் இப்படி ஒரு புருஷன் யாருக்கும் கிடைக்க மாட்டான். இன்னொரு பக்கம் பார்த்தால், பிடித்தால் ஒரே பிடி, உடும்புப்பிடி. அந்தப் பிடியில்தான் எங்கள் குடும்பம் நொறுங்கியது.

வேலையில் அவர் கெட்டிக்காரர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் பையைத் திறப்பதற்கு முன்னால் கேள்விதான் கேட்பார். எந்தத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அதற்கு அடியிலேயே இருக்கிறது. சமையலறையும் குளியலறையும் சேர்ந்து மக்கர் பண்ணினால் இரண்டு குழாயும் சேரும் இடத்துக்கு அப்பால் தேட வேண்டும். வீடே எதுக்களித்தால் வாசலில் எல்லாக் குழாயும் வந்து விழும் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். அதை சேம்பர் என்பார்கள். தண்ணீர் போகும்போது களக் களக் என்று சத்தம் வந்தால் குழாய்க்கு மூச்சு முட்டுகிறது, மொட்டை மாடிக்கு ஏறும் காற்றுக்குழாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஜோராகப் போகிறது, ஆனால் வாடை அடிக்கிறது என்றால் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் நிற்கவில்லை. அந்த ஒரு கை தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் கதவு. அது வற்றிப்போனால் சாக்கடை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோளாறு தெரிந்த பிறகும் அவசரப்பட மாட்டார். முதலில் ஒரு வாளி வெந்நீர். அப்புறம் தொட்டி வாயில் வைத்து அமுக்கும் ரப்பர் கப். அப்புறம் கம்பி. அதற்கும் மசியவில்லை என்றால் கழற்றிப் பார்ப்பது. தரையை உடைப்பது கடைசியிலும் கடைசி. "ஒடைக்கறதுக்கு எவன் வேணா வருவான்மா. ஒடைக்காம முடிக்கத்தான் என்னக் கூப்பிடறீங்க" என்பார். அவர் போய் வந்த வீடுகளில் தரை பெயர்ந்த வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு குறை அவருக்கு. மூக்கு செத்துப்போயிருந்தது. சின்ன வயதிலிருந்து சாக்கடைக்கு மேல் குனிந்தே இருந்தவருக்கு அந்த வாடை மட்டுமல்ல, எந்த வாடையும் ஏறாது. காபி தீய்ந்தாலும் தெரியாது, தீப்பெட்டித் தொழிற்சாலையே தீப்பிடித்தாலும் தெரியாது. நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையில் மூக்கில்லாமல் எப்படிக் காலம் தள்ளினார் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் என் அக்கா வருகிறாள்.

அக்கா மூக்கு அப்படி ஒரு மூக்கு. பால் திரியப் போவது பாலுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் தைத்து வைத்த துணியை மோந்து பார்த்துவிட்டு, "மெஷின் எண்ணெய மாத்திட்டியா?" என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமா வேலை முடிந்து வந்து நிற்கையில், "இன்னிக்கு எலி செத்த வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். மாமா அப்படியே நின்றுவிட்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் என்ன கோளாறு என்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தவர் அவர். மறுநாள் போய் காற்றுக்குழாயைக் கழற்றினால் உள்ளே எலி.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மற்ற வீட்டு ஆம்பளைகள் வேலை முடிந்து வரும்போது பழம் வாங்கி வருவார்கள், பலகாரம் வாங்கி வருவார்கள். இவர் பிளாஸ்டிக் பையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு வீட்டுக் குழாய்க்குள் விட்டுத் துடைத்த துணி. நான் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அக்கா நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து, பையை லேசாகத் திறந்து, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள்.

"இது சாக்கடையே இல்லைங்க. சமையல் எண்ணெய். கெட்டியாப் படிஞ்சு ஊசிப்போயிருக்கு. வெந்நீரும் சோப்பும் விடுங்க."

மாமா தலையை ஆட்டிக்கொள்வார். மறுநாள் அப்படியே இருக்கும். ஒரு தடவைகூட அவள் சொன்னது தப்பியதில்லை. "என் மூக்க உங்க அக்கா முகத்துல வெச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லுவார். "நல்ல வேளை, உங்க காத வெக்கல. அப்புறம் நான் கத்தறதே உங்களுக்குக் கேக்காது" என்பாள் அக்கா. இருவருக்கும் நடுவில் சண்டை வரும், வம்பு வரும். அந்த மூக்கை மட்டும் அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த வருடம் கோடை முடிகிற சமயம். சாயங்காலம் அக்கா என் கடைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்க வீட்டுல ஒரு நாத்தம் வருதுடி."

"அடைப்புக்காரர் வீட்டுலயேவா? வெளிய சொல்லாத, மானம் போயிடும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கருகின ரப்பர் மாதிரி. அதுல சாக்கடையும் கலந்த மாதிரி. சட்டுனு வருது, கொஞ்ச நேரத்துல போயிடுது. இத்தன வருஷத்துல இப்படி ஒரு நாத்தத்த நான் மோந்ததில்ல" என்றாள்.

நான் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. மாமாவிடம் சொன்னதற்கு, "நீ வந்த நேரம் போயிருக்கும்" என்றார். அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. வந்து வந்து போகிற நாற்றம் என்றால் வளைவில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் எங்கிருந்தோ காற்று தள்ளுகிறது. தெருக் குழாயில் யாரோ மொத்தமாகத் தண்ணீர் விடும்போதெல்லாம் அந்தக் காற்று எங்கள் அக்கா வீட்டுத் தொட்டி வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வெளியே வருகிறது. கேட்டால் யாரும் சரியென்றுதான் சொல்லுவார்கள். நானும் சொன்னேன்.

முதலில் எல்லா வளைவிலும் தண்ணீர் ஊற்றினார். நாற்றம் நிற்கவில்லை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த வளைவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆழமானதாக வேறு மாட்டினார். நிற்கவில்லை. குளியலறைத் தரையில் இருந்ததை மாற்றினார். மொட்டை மாடிக் காற்றுக்குழாயை இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றினார். பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டையர் ஆன வாத்தியார் இருந்தார். "என்ன, கப்பல் விடப் போறீங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நாற்றம் வந்த உடனே அக்கா கரண்டியால் தட்டில் தட்ட வேண்டும். வாசலில் சேம்பர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா குந்தியிருப்பார். சத்தம் கேட்ட நொடியில் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தக் கூத்து நடக்கும். உள்ளேயிருந்து டங் டங் என்று சத்தம் வரும். இவர் தலையைச் சேம்பருக்குள் விட்டுக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்று கத்துவார். "இருக்கு… இருக்கு… போயிடுச்சுங்க" என்று அவள் குரல் வரும். தெருவே சிரித்தது. வயதான காலத்தில் புருஷனும் பொண்டாட்டியும் கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள் என்று காது படவே சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதுபற்றிக் கவலை இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் லீவில் வந்திருந்தாள். அவளுக்கு அம்மா மாதிரி மூக்கு இல்லாவிட்டாலும் கண் கூர்மை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் கூட இருந்தேன்.

"அப்பா, அம்மா பேசிக்கிட்டே இருக்கும்போது நடுவுல நின்னுடறாங்க. கவனிச்சீங்களா? கண்ணு ஒரே எடத்துல நிக்குது. வாய மட்டும் மென்னுக்கிட்டு இருக்காங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாங்க. அப்புறம்தான் 'வந்துடுச்சு'ன்னு சொல்றாங்க."

"அவ மோந்து பாக்கறா" என்றார் மாமா.

"மோந்து பாக்கற மாதிரி இல்லப்பா. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம். அந்த நாத்தம் வேற யாருக்குமே வரல. அத்தன பேர் வந்து பாத்துட்டாங்க. சித்திக்கு வரல, எனக்கு வரல."

மாமா எழுந்து நின்றுவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. "உங்கம்மாவுக்குப் பைத்தியம்னு சொல்றியா? ஊரே சொல்லட்டும். நீ சொல்லாத. நான் எத்தனையோ வருஷமா அந்த மூக்க நம்பிச் சோறு சாப்பிடறேன். உங்க யாருக்கும் தெரியலன்னா அது உங்க மூக்கோட குறை."

"நான் பைத்தியம்னு சொல்லலப்பா."

"அவ சொன்னா இருக்கு. நான் கண்டுபிடிக்கல, அவ்வளவுதான்."

சமையலறையிலிருந்து இதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "பாத்தியாடி? எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க. உங்க மாமா ஒருத்தர்தான் நம்பறாரு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஒரு பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும் என்றுதான் எனக்கும் அப்போது பட்டது. மகள் லீவு முடிந்து கிளம்பிப் போனாள். போகும்போது அவளும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மாமாவின் கையில் கடைசியாக ஒரு சோதனை இருந்தது. புகை. தெருப் பக்கம் போகும் குழாய் வாயை ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு, மொட்டை மாடியில் காற்றுக்குழாய் வாயையும் துணியால் கட்டிவிட்டு, சேம்பருக்குள் ஒரு தகர டப்பாவில் பழைய சாக்கைப் புகைய விட்டார். பைப்பில் எங்கேயாவது முடி அளவு விரிசல் இருந்தாலும் புகை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிடும். எல்லா அறையிலும் ஆள் நிறுத்தினார். நான் சமையலறையில், வாத்தியார் குளியலறையில், அக்கா ஹாலில். அவர் சேம்பர் பக்கம் முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டியது அவருக்கு. வீட்டுக்குள் ஓர் இழை புகை வரவில்லை.

"சுத்தமா இருக்குப்பா உங்க லைன். எங்கயும் ஒண்ணுமில்ல" என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து ஹாலில் நின்றிருந்த அக்கா, "இப்ப வருது" என்றாள்.

வேறு வீடாக இருந்திருந்தால் அங்கேயே மாமா பையை மூடியிருப்பார். புகை வராத வீட்டில் கோளாறு இல்லை என்று எத்தனை பேரிடம் அவரே அடித்துச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் புகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். புகை பொய் என்று முடிவு கட்டிவிட்டார். "மண்ணு இறுகிப்போய் புகைய அடைக்குது. பைப்பு தரைக்குள்ள வெடிச்சிருக்கு" என்றார். "தோண்டித்தான் பாக்கணும்."

வீட்டை அவர்கள் வாங்கும்போதே அது பழைய வீடு. பின்பக்கச் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் ஹாலுக்கு அடியில்தான் சாக்கடைக் குழாய் ஓடியது. சுட்ட மண்ணால் செய்து மேலே பளபளப்பு ஏற்றிய அந்தக் காலத்துப் பைப். ஊரில் யார் வீட்டுத் தரையையும் லேசில் உடைக்காத மனிதர் தன் வீட்டு ஹாலை நீளவாக்கில் கடப்பாரையால் பிளந்தார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். கட்டிலையும் பீரோவையும் ஒரு மூலைக்குத் தள்ளி, பள்ளத்தின் மேல் பலகை போட்டு, அக்கா அதன் மேல் நடந்து சமையலறைக்குப் போய் வந்தாள்.

ஒவ்வொரு பைப்பாக வெளியே எடுத்து, கழுவி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். ஒன்றிலும் கீறல் இல்லை. விரலால் சுண்டினால் கிண்ணென்று சத்தம் வரும். நல்ல பைப்புக்குத்தான் அந்தச் சத்தம் வரும் என்று அவரே சொல்லுவார். எல்லாவற்றையும் பின்வாசல் சுவர் ஓரமாக அடுக்கினார். அடுக்க அடுக்க அவர் முகம் இருண்டுகொண்டு வந்தது. ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், "மாமா, போதும் விடுங்களேன்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இருக்கற கொஞ்சத்துலதான் இருக்கும்" என்றார்.

கடைசிப் பைப்புக்கு முந்தினதை அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. அக்கா பலகை மேல் நின்று அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நீட்டினவள் அப்படியே நின்றாள். வாய் மென்றது. "வந்துடுச்சா?" என்று பள்ளத்துக்குள்ளிருந்து ஆவலாக நிமிர்ந்து கேட்டிருக்கிறார் இந்த மனிதர். செம்பு விழுந்தது. அவளும் விழுந்தாள், அவர் மேலேயே. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் போட்ட சத்தத்தில் நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். ஈர மண்ணுக்குள் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாத்தம் வந்துடுச்சா, நாத்தம் வந்துடுச்சா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. படம் எடுக்க அனுப்புவதற்கு முன்னாலேயே, நாங்கள் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டார்.

"இவங்களுக்கு ஏதாவது வாடை வருதுன்னு சொல்லுவாங்களா? மத்தவங்களுக்குத் தெரியாத மாதிரி, சட்டுனு வந்துட்டுப் போற மாதிரி?"

நான்தான் சொன்னேன். கருகின ரப்பர், சாக்கடை. எவ்வளவு காலமாக என்று கேட்டார். கோடை முடிந்ததிலிருந்து என்றேன். அப்போது மழையே முடியும் சமயம். மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் ஹால் மண்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மூளையில் வாசனையை அறியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. அது சீண்டும்போதெல்லாம் இல்லாத நாற்றம் இருப்பதாகத் தெரியும். ஒரு பொய்யும் கிடையாது, அவர்களுக்கு அது நிஜமாகவே வரும். இப்போது கட்டி ஆழமாக இறங்கிவிட்டது. முழுவதும் எடுக்க முடியாது.

அதற்குள் மகள் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எடுக்கறதுக்கு வசதியா இருந்திருக்கலாம். கொஞ்ச காலம் கூடக் கிடைச்சிருக்கலாம்."

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக நான் அவளை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். மாமா மட்டும் டாக்டரம்மாவிடம் மெல்லக் கேட்டார். "அத அப்படியே விட்டுட்டு, சுத்திக்கிட்டு வேற வழி போட முடியாதுங்களா?" டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குழாய் ஒரு இடத்தில் எடுக்க முடியாமல் அடைத்துக்கொண்டால் அவர் அப்படித்தான் செய்வார்.

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அப்போது பிடித்து உலுக்கியிருப்பேன். மகள் சொன்னாளே, கேட்டீரா? ஊரே சொன்னதே, கேட்டீரா? ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அக்காவை நம்பாத புருஷனாக இருந்திருந்தால் மனசு சரியில்லை என்று அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பான், அவளும் பிழைத்திருப்பாள். இவர் நம்பினார். நம்பினதுதான் அவர் செய்த தப்பு. இதை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு நின்றது. கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்கு முந்தின நாளே மாமா வந்து, மீதிப் பைப்பையும் எடுத்து அடுக்கிவிட்டு, பள்ளம் முழுக்கப் புதுப் பிளாஸ்டிக் பைப்பைப் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசி, அவள் கால் தடுக்காமல் சமப்படுத்தியிருந்தார். அக்காவை ஹாலில் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். தலையில் கட்டி என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம், மாத்திரையில் கரைந்துவிடும் என்றும் சொல்லியிருந்தோம். நாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மாமா சொல்லக் கூடாது என்றார். மகளும் நானும் தலையாட்டினோம்.

நான்கைந்து நாள் போயிருக்கும். காலை வெயில் ஹாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள். அக்கா நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொரு மூச்சு இழுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மாமா பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க" என்றாள். "நாத்தம் வரவே இல்லைங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். சுத்தமா போயிடுச்சு."

மாமாவின் கை நின்றுவிட்டது.

"சரி பண்ணிட்டீங்க. நான் மயங்கி விழுந்தும் நீங்க வேலைய முடிச்சிட்டீங்க பாருங்க." அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எதுல இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தேன்.

"கடைசிப் பைப்புலதான்மா" என்றார். "விரிசல் விட்டிருந்துச்சு."

"நான் சொன்னேன்ல."

"சொன்ன. முதல் நாளே சொன்ன."

"எல்லாரும் என்ன மனப்பிராந்தின்னாங்க. இந்த வாத்தியாரு முதக்கொண்டு. அந்தப் பைப்ப எடுத்துட்டு வாங்க, நான் பாக்கணும். அந்த ஆளுக்கும் காட்டணும்."

மாமா எழுந்து பின்வாசலுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அடுக்கி வைத்திருந்த பைப்புகளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் சுத்தியல். மெதுவாக ஒரு தட்டு தட்டினார், கிண்ணென்றது. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினார். கிண்ணென்றது. எத்தனை வருடத்து மண்ணுக்குள்ளும் உடையாத பைப் அது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். நீளமாக ஒரு விரிசல் ஓடியது. விரிசல் புதிதாக வெள்ளையாக இருந்தது. அக்காவுக்கு வித்தியாசம் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஈர மண்ணை அள்ளி விரிசலுக்குள் வைத்துத் தேய்த்தார். தேய்த்தார், துடைத்தார், மறுபடி தேய்த்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. குழாயடியில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து அவர் முகம் கழுவ ஊற்றினேன்.

பைப்பை உள்ளே கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தார். அவள் விரலால் விரிசலை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டு என்னா பாடு படுத்தியிருக்கு பாருடி" என்றாள் என்னிடம். அப்புறம் மண் ஒட்டியிருந்த அவர் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளைங்க, யாரு சொல்லியும் கேக்காம தோண்டினீங்க."

"ஆமாம்மா" என்றார் மாமா.